ரிமோட் ஸ்டார்ட்டர் கிட் நல்லதுதான், அதோடு வரும் கனெக்டர் பாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள்

சாவி போடாமல் வெளியிலிருந்தே எஞ்சினை எடுக்கும் ரிமோட் ஸ்டார்ட்டரை காரில் நானே மாட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. கிட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ரிலேக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன, ரிமோட் நல்ல தூரத்திலிருந்து எடுக்கிறது, கூடவே வந்த வரைபடமும் தெளிவாக இருந்தது. நான் எழுத நினைப்பதெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒயர்களைக் காரின் ஒயர்களோடு எதை வைத்துச் சேர்ப்பது என்பதைப் பற்றித்தான். கிட்டோடு கிடைத்த கிளிப் கனெக்டர், கனெக்டரை ஒயர் மேல் நசுக்கிப் பிடிக்க வைக்கும் சாதாரண கிரிம்பிங் பிளையர், ராட்செட் கிரிம்பர், உள்ளே ஈய வளையம் வைத்த ஸ்லீவ், திருகி மாட்டும் கனெக்டர், இரண்டு சால்டரிங் அயர்ன், மூன்று வகை டேப், எல்லாவற்றையும் இதே காரில் போட்டுப் பார்த்துவிட்டேன். சிலதைக் கழற்றி எறிந்தேன், சிலது இன்றும் உள்ளே இருக்கிறது.

முதலில் அந்தக் கிளிப். கிட்டைப் பிரித்தால் ஒரு சின்ன பாலிதீன் கவரில் நீலத்திலும் சிவப்பிலும் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும். காரின் ஒயரை வெட்ட வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம். ஒயரை நடுவில் வைத்துப் பிளையரால் ஒரு அழுத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் உலோகப் பல் இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு போய்ச் செம்பைத் தொட்டுவிடும். ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கழுத்து வலிக்க வேலை செய்யும்போது இது பெரிய வரமாகத் தெரியும். ஒரே மதியத்தில் எல்லா ஒயரையும் முடித்தேன். ரிமோட்டை அழுத்தினேன், எஞ்சின் எடுத்தது, பேனலை மூடினேன்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் ரிமோட்டில் எடுத்தால் எஞ்சின் ஓடுகிறது, உள்ளே ப்ளோயர் ஓடவில்லை. சாவி போட்டுத் திருப்பினால் ஓடுகிறது. மறுநாள் ரிமோட்டிலேயே ஓடியது. அதற்கு மறுநாள் ஓடவில்லை. லூஸ் கான்டாக்ட் என்பது புரிந்தது, எங்கே என்பதுதான் புரியவில்லை. மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாமே அழகாகப் பீப் அடித்தது. சரி, ப்ளோயர் மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு வாரம் அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் காருக்குள் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. லேசாகத்தான், ஆனால் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

கீழ்ப் பேனலைக் கழற்றினேன். ஆக்சஸரி ஒயரில், அதாவது ப்ளோயர் மாதிரியான சாமான்களுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயரில், போட்டிருந்த நீலக் கிளிப் நீலமாகவே இல்லை, ஒரு பக்கம் பழுப்பேறி மூடி கொஞ்சம் வீங்கி நின்றது. அதைத் தொடுவதற்கு முன்னால் ரிமோட்டில் எடுத்து, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, கிளிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை அந்தப் பக்கம் ஒரு முனை என்று மீட்டரை வைத்து வோல்ட் அளந்தேன். 0.8 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் கரண்ட் 15 ஆம்பியர் காட்டியது. இரண்டையும் பெருக்கினால் 12 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட், அதில் பாதிச் சூடு ஒரு விரல் நுனி அளவு பிளாஸ்டிக் துண்டுக்குள், என் முழங்காலுக்கு மேலே, கார்ப்பெட்டுக்கும் ஒயர்க் கட்டுக்கும் நடுவில், இத்தனை நாளாக எரிந்துகொண்டு இருந்திருக்கிறது. ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் கூடவே இல்லை. ஃபியூஸ் பார்ப்பது கரண்ட்டை மட்டும்தான், ஜாயிண்ட்டில் சூடு ஏறுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

ஆற விட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். பல் பதிந்த இடத்தில் இன்சுலேஷன் அட்டை மாதிரி விறைத்து, வளைத்ததும் கீறல் விட்டது. உள்ளே செம்பு இழைகளில் நாலைந்து துண்டாக அறுந்து கிடந்தன, பல்லைத் தொட்டுக்கொண்டிருந்த இழைகள் கருத்துப் போயிருந்தன, பல்லின் இரண்டு கவையும் வெளிப்பக்கம் விரிந்திருந்தது. காரணம் எளிது. காரின் அந்த ஒயர் ஏறக்குறைய 3.3 சதுர மில்லிமீட்டர், அதாவது 12 கேஜ் தடிமன். நீலக் கிளிப் 14, 16 கேஜ் ஒயருக்கானது, கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெல்லியது. சின்ன வாயில் பெரிய ஒயரைத் திணித்தால் பல் இழையை அறுக்கும், அப்படியே அகன்றும் போகும். பெரிய கிளிப்பில் சின்ன ஒயரைப் போட்டால் பல் செம்பைச் சரியாகத் தொடாது. இந்தக் கிளிப்பின் அளவு சரியாக அமைந்தால்கூட, செம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பல்லின் விறைப்பு மட்டுமே. வண்டி அதிரும், காருக்குள் வெயிலில் சூடேறும், இரவில் குளிரும், பிளாஸ்டிக் தளரும், இடுக்கில் காற்றும் ஈரமும் போகும், செம்பின் மேல் கறை படியும், தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் பல் இன்னும் தளரும். எனக்கு நான்கு மாதம் பிடித்தது. எல்லாக் கிளிப்பும் இப்படிப் போகும் என்று சொல்ல மாட்டேன், விளக்கு ஒயர் மாதிரி லேசான கரண்ட் போகும் இடத்தில் வருடக்கணக்கில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரிமோட் ஸ்டார்ட்டர் கிட்டோடு இதைக் கொடுப்பது தப்பு என்பது என் தீர்மானமான கருத்து. ரிமோட் ஸ்டார்ட்டர் செய்வது இக்னிஷன் சுவிட்ச்சின் வேலை. சாவி திருப்பினால் எந்தெந்த ஒயருக்குக் கரண்ட் போகுமோ அத்தனைக்கும் அந்தப் பெட்டிதான் கரண்ட் கொடுக்கிறது. பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட் ஒயர், இக்னிஷன், ஆக்சஸரி, செல்ஃப் மோட்டார் ஒயர், இந்த நான்கிலும் பத்து இருபது ஆம்பியர் சாதாரணமாக ஓடும். அதனால்தான் கிட்டின் கரண்ட் ஒயர்களில் 25, 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கரண்ட் அதிகம் உள்ள ஜாயிண்ட்தான் முக்கியம் என்று நானும் அன்றைக்கு வரை நினைத்தேன். மற்றக் கிளிப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. பிரேக் ஒயரில் போட்டிருந்த கிளிப் கையில் எடுத்ததுமே கழன்று வந்தது. பெடலை மிதித்தால் அந்த ஒயரில் 12 வோல்ட் வரும், அது வந்ததும் ரிமோட் ஸ்டார்ட்டர் எஞ்சினை நிறுத்த வேண்டும். சாவி இல்லாமல் யாராவது, குழந்தையாகவே இருக்கலாம், உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து கியரை நகர்த்தப் பார்த்தால் வண்டி அணைந்துவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஒயர் அறுந்தால் பெட்டிக்கு என்ன தெரியும்? யாரும் பிரேக்கை மிதிக்கவில்லை என்றுதான் தெரியும். பானெட் சுவிட்ச்சும் அப்படியே. பெரும்பாலான கிட்டுகளில் பானெட் திறந்தால் அந்த ஒயர் எர்த் ஆகும், அதைப் பார்த்துப் பெட்டி ஸ்டார்ட் எடுக்க மறுக்கும். ஒயர் நடுவில் விட்டுப் போனால் பானெட் எப்போதும் மூடியே இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும், நீங்கள் ஃபேன் பெல்ட் பக்கத்தில் கை வைத்திருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் ரிமோட்டை அழுத்தினால் எஞ்சின் எடுத்துவிடும்.

செல்ஃப் ஒயர் லூஸ் ஆனால் அன்றைக்கே தெரியும், வண்டி எடுக்காது. ஆக்சஸரி லூஸ் ஆனால் ப்ளோயர் சொல்லிவிடும். பிரேக்கும் பானெட்டும் லூஸ் ஆனால் எதுவுமே சொல்லாது, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டில் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் கரண்ட், ஆனாலும் மொத்தக் காரிலும் ஆகச் சிறந்த ஜாயிண்ட் இந்த இரண்டுக்கும்தான் வேண்டும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு சாமானையும் இதை மனதில் வைத்துத்தான் எடை போட்டேன்.

எல்லாக் கிளிப்பையும் கழற்றிவிட்டு முதலில் வாங்கியது தானாக அளவெடுத்துக்கொள்ளும் ஒயர் ஸ்ட்ரிப்பர். ஒயரின் முனையை உரிக்க எதுவும் போதும், பிளேடு, பல், எதுவும். நடு ஒயரில் வெட்டாமல் தோலை மட்டும் விலக்க இது இல்லாமல் முடியவே முடியாது. இதன் வாய் ஒயரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் இன்சுலேஷனை வெட்டி நகர்த்திவிடும், ஒன்றரை சென்டிமீட்டருக்குச் செம்பு பளபளவென்று தெரியும், ஒரு இழைகூட அறுபடாது. பிளேடால் சுற்றிக் கீறினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தழும்பு இழையில் விழும், பிறகு எப்போதாவது அந்த இடத்தில்தான் ஒடியும். இந்த மொத்தக் கதையில் நான் வாங்கிய பொருள்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அடுத்து சால்டரிங். வீட்டில் ரேடியோ வேலைக்கு வைத்திருந்த 25 வாட் அயர்னோடு முதலில் இறங்கினேன், அது போதவில்லை. தடித்த செம்பு சூட்டை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகிறது, ஈயம் உருகுவதற்குள் பக்கத்து இன்சுலேஷன் சுருங்கி வழிய ஆரம்பிக்கிறது. மெதுவாகச் சூடாக்குவதுதான் ஒயருக்குக் கெடுதல், வேகமாக ஏற்றி வேகமாக எடுத்துவிட வேண்டும். 60 வாட் அயர்னில் உளி மாதிரி பட்டையான முனையை மாட்டியதும் ஒவ்வொரு ஜாயிண்ட்டும் நாலைந்து விநாடியில் முடிந்தது. கேஸில் ஓடும் அயர்ன் ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஒயர் இழுக்காமல் வேலை செய்ய வசதிதான், ஆனால் அதன் பக்கவாட்டுத் துளையிலிருந்து வரும் சூட்டுக் காற்று பக்கத்தில் இருக்கும் ஒயர்களைச் சுடுகிறது, டாஷ்போர்டுக்கு அடியில் அந்த இடைவெளி எனக்குப் பத்தவில்லை. ஈயம் 63க்கு 37, அதாவது வெள்ளீயம் 63 பங்கு காரீயம் 37 பங்கு, நடுவில் ரோசின் என்ற ஃப்ளக்ஸ், அதாவது ஈயம் செம்பில் ஒட்ட உதவும் பிசின், வைத்தது. சரியாக 183 டிகிரியில் உருகி அதே சூட்டில் உறைந்துவிடும், இடையில் கூழாக நிற்காது, அதனால் கை லேசாக ஆடினாலும் ஜாயிண்ட் கெடுவது குறைவு. காரீயம் கலந்தது என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தகரம், குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸை மட்டும் காரின் ஒயரில் வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே தங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

ஆக்சஸரி ஒயரைச் சேர்த்த விதத்தைச் சொல்கிறேன், மற்ற மூன்றும் இதே முறைதான். கருகிய இடத்தை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு அதே தடிமன் ஒயரால் ஒட்டுப் போட்டேன். அதிலிருந்து தள்ளி நல்ல செம்பு இருக்கும் இடத்தில் ஸ்ட்ரிப்பரால் ஒன்றரை சென்டிமீட்டர் திறந்தேன். கூரான கொக்கி ஒன்றால் இழைகளை நடுவில் இரண்டாகப் பிரித்தால் ஊசிக் காது மாதிரி ஒரு ஓட்டை வரும். கிட்டின் ஒயரை மூன்று சென்டிமீட்டர் உரித்து அந்த ஓட்டையில் நுழைத்து, ஒரு சுற்று இடப்பக்கம், இரண்டு சுற்று வலப்பக்கம், இறுக்கமாக. இந்த நிலையிலேயே இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. ஈயம் பிடிமானத்துக்கு இல்லை, இழைகளுக்கு நடுவில் காற்றுப் போகாமல் அடைப்பதற்கு. அயர்ன் முனையில் ஒரு துளி ஈயம் தடவி ஜாயிண்ட்டின் அடியில் வைத்து, ஈயக் கம்பியை மேலே, செம்பில் தொட வேண்டும், அயர்னில் தொடக் கூடாது. செம்பு சூடானதும் ஈயம் தானாக உள்ளே உறிஞ்சிக்கொண்டு போகும், சுற்றிய இழைகளின் வரிவடிவம் ஈயத்துக்கு அடியில் தெரியும், மேலே மினுமினுப்பாக இருக்கும். உருண்டையாக ஒரு முத்து மாதிரி நின்றால் செம்பு சூடாகவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடாக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கார்ப்பெட்டின் மேல் ஈரத்துணி விரியுங்கள். மேலே பார்த்துக்கொண்டு சால்டர் வைத்தால் துளி நேராக முகத்துக்குத்தான் வரும்.

இந்த ஜாயிண்ட்டில் அதே ப்ளோயர், அதே 15 ஆம்பியரில் திரும்ப அளந்தேன், 0.015 வோல்ட். கால் வாட்கூட இல்லை, தொட்டால் சூடே தெரியவில்லை.

சால்டருக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஈயம் இழைகள் வழியாக இன்சுலேஷனுக்குள் கொஞ்ச தூரம் ஏறிவிடும், அந்த நீளத்துக்கு ஒயர் கம்பியாக விறைத்துவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் ஒயர் ஆடிக்கொண்டே இருந்தால் அங்கே ஒடியும். கார் வேலைக்கு சால்டரே கூடாது, கிரிம்ப் மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒயர் கட்டுகளுக்கான ஐபிசி ஏ-620 தரவிதி இரண்டு முறைகளுக்கும் எது சரி எது தப்பு என்று விதி வைத்திருக்கிறது, இரண்டையும் ஏற்கிறது. தீர்வு ஆடாமல் பார்த்துக்கொள்வதுதான். ஜாயிண்ட்டுக்கு இரு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் தள்ளிக் காரின் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அந்த இடம் அசையவே அசையாது. ஸ்டீயரிங் தண்டு, பெடல் நகரும் பாதையில் ஒயர் தொங்காதபடியும் இதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

டேப் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நடு ஒயரில் போடும் ஜாயிண்ட்டுக்கு சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் ட்யூபை நுழைக்க வழியே இல்லை, ஒயரை வெட்டினால்தான் முடியும், ஆக மொத்தப் பாதுகாப்பும் டேப்தான். சாதாரண பிவிசி இன்சுலேஷன் டேப் முதல் வெயிலிலேயே பசை வழிந்து, முனை பிரிந்து, கையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. இப்போது அடியில், தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் பசையில்லாத ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து இரண்டு சுற்று, அதன் மேல் டெசா 51608 துணி டேப். கார்க் கம்பெனிகளே உள்ளறை ஒயர்களுக்குச் சுற்றும் வகை இது, பஞ்சு மாதிரி மென்மையாக இருப்பதால் பிளாஸ்டிக்கில் உரசிச் சத்தமும் வராது. எஞ்சின் பக்கத்துக்கு இது வேண்டாம், அங்கே சூடும் உராய்வும் தாங்கும் 51036 இருக்கிறது. இந்த டேப் சுற்றிய ஜாயிண்ட்டைப் பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். பசை ஒழுகவும் இல்லை, பிரியவும் இல்லை. முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன்.

கிரிம்பிங்குக்கு வருகிறேன். கிட்டின் ஒயர் எட்டாத இடத்தில் நீட்டவும், பானெட் சுவிட்ச் ஒயருக்கும், எர்த் ஒயரின் முனையில் மாட்டும் வளைய லக்குக்கும் கிரிம்ப்தான் சரி, அங்கே இரண்டு முனையும் நம் கையில் இருக்கிறது. தகட்டை மடித்துச் செய்த சாதாரண கிரிம்பிங் பிளையரைப் பற்றி ஒரே வரி, வேண்டாம். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது நம் கைப்பிடியைப் பொறுத்தது, ஐந்து போட்டால் ஐந்தும் ஐந்து விதம், என்னுடையதில் ஐந்தில் இரண்டு இழுத்ததும் வந்துவிட்டது. ராட்செட் கிரிம்பர் முழுதாக அழுத்தி முடிக்கும் வரை வாயைத் திறக்கவே திறக்காது, அதுதான் அதன் அருமை. பத்தாவது கிரிம்ப்பும் முதலாவது மாதிரியே இருக்கும். வாயில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று பள்ளம் இருக்கும், சிவப்பு 22 முதல் 18 கேஜ் வரை, நீலம் 16, 14, மஞ்சள் 12, 10. கனெக்டரின் நிறத்தையும் பள்ளத்தின் நிறத்தையும் ஒயரின் தடிமனையும் ஒன்றாக வைத்தால் போதும். உள்ளே பசை தடவிய ஷ்ரிங்க் கனெக்டராக வாங்குங்கள், சூடு காட்டியதும் இரண்டு முனையிலும் பசை லேசாகப் பிதுங்கி வரும், அதற்கு மேல் ஈரம் உள்ளே போகாது. பானெட் சுவிட்ச் எஞ்சின் பக்கம் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் அங்கே இந்த வகையைத்தான் போட்டேன். ஒவ்வொன்றையும் போட்டதும் நன்றாக இழுத்துப் பாருங்கள், கனெக்டர் பாவம் என்று பார்க்காதீர்கள்.

நடுவில் ஈய வளையம் வைத்த, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஸ்லீவ்கள் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். இரண்டு ஒயரையும் உள்ளே விட்டுச் சூட்டுக் காற்று காட்டினால் ஈயம் உருகி ஒட்டி, ட்யூபும் சுருங்கிவிடும் என்பது கணக்கு. பார்க்க மிகவும் அழகு, அதுதான் சிக்கலும். மேஜை மேல் மூன்று போட்டு மூன்றையும் நீளவாக்கில் வெட்டித் திறந்தேன். இரண்டில் ஈயம் நன்றாக ஓடியிருந்தது, ஒன்றில் மேலே தோல் மாதிரி படிந்து, உள்ளே இழைகள் காய்ந்தபடியே கிடந்தன. வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. இவற்றில் பல, 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலந்த ஈயத்தால் ஆனவை, அது சாதாரண ஈயத்தைவிட எளிதில் உடையும். பிளாஸ்டிக்கும் ரெக்சினும் சூழ்ந்த இடத்தில் ஹீட் கன்னைத் திருப்புவதற்கும் இடம் இல்லை. பார்க்கிங் லைட் ஒயருக்கு ஒன்று போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. இருபது ஆம்பியர் ஒயருக்கோ பிரேக்குக்கோ போட மாட்டேன்.

திருகி மாட்டும் கனெக்டர், போசி-டேப் (Posi-Tap) வகை, நான் எதிர்பார்த்ததைவிட நல்லது. ஒரு பாதிக்குள் காரின் ஒயரை வைத்து மூடியைத் திருகினால் நடுவில் இருக்கும் ஊசி இன்சுலேஷனைத் துளைத்து இழைகளுக்கு நடுவில் போய் நிற்கும், மறுபாதியில் நம் ஒயரை உரித்து விட்டுத் திருகிக்கொள்ளலாம். இழையை அறுப்பதில்லை, பிளையர் வேண்டாம், தப்பாகப் போட்டால் கழற்றி மாற்றலாம், கழற்றினால் ஒரு ஊசித் துளைதான் மிச்சம், அதன் மேல் டேப் சுற்றினால் போதும். எந்த ஒயர் எது என்று உறுதியாகத் தெரியாமல் சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் இது அருமையான பொருள். உள்ளறையில், லேசான கரண்ட் ஒயர்களில், சரியான அளவில் போட்டால் நிரந்தரமாகவும் விடலாம். கதவு லாக் ஒயர் இரண்டும் இன்னும் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் தடிமனானது என்பதால் ஐந்தாறு சேர்ந்தால் பேனல் மூட இடிக்கும்.

சரியான சாவி இல்லாமல் எஞ்சின் எடுக்க விடாத இம்மொபிலைசருக்காக, காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் (CAN) டேட்டா ஒயர்களைத் தொட வேண்டி வந்தது. ஒன்றோடொன்று முறுக்கிய மெல்லிய ஜோடி ஒயர் அது, எந்த வகைக் கிளிப்பும் இதன் பக்கமே வரக் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் மட்டும் திறந்து, சுற்றி, ரேடியோவுக்கு வைத்திருந்த அந்தச் சின்ன அயர்னால் ஒரு விநாடி சால்டர், முறுக்கைப் பிரித்தது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, இரண்டு ஜாயிண்ட்டையும் நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். முடித்ததும் பேட்டரியைக் கழற்றிய நிலையிலேயே ஸ்கேனர் மாட்டும் ஓபிடி (OBD) சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம் அளந்தேன். இரண்டு முனையிலும் 120 ஓம் வீதம் இணையாக இருப்பதால் ஏறக்குறைய 60 காட்ட வேண்டும், காட்டியது. பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இந்த ஒயர்களிலும், மஞ்சள் கனெக்டரில் போகும் ஏர்பேக் ஒயர்களிலும் வைக்காதீர்கள். ஏர்பேக் ஒயரை மீட்டரால்கூட நான் தொடவில்லை, நீங்களும் தொட வேண்டாம்.

எர்த்தைப் பற்றிச் சுருக்கமாக. கிட்டின் கறுப்பு ஒயரை பேனல் பிடிக்கும் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பாடித் தகட்டில் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்த்து, கிரிம்ப் செய்த வளைய லக்கை பல் வாஷரோடு போல்ட்டில் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். ஏர்பேக்கின் எர்த் போல்ட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னை இரண்டு வாரம் ஏமாற்றியது அந்தப் பீப் சத்தம்தான். கன்டின்யூட்டியில் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகமிகக் குறைவு, ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஜாயிண்ட் நல்லதா என்று பார்க்க ஒரே வழி, அதன் வழியாக உண்மையான கரண்ட்டை ஓடவிட்டு இரு பக்கமும் வோல்ட் அளப்பது. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் எந்த ஒற்றை ஜாயிண்ட்டையும் நான் விட மாட்டேன், திறந்து மறுபடி போடுவேன்.

புதிதாகப் போடப்போகிறவர்களுக்கு. உங்கள் மாடலுக்கென்று செய்த டி-ஹார்னஸ் கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், இக்னிஷன் சாக்கெட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், கரண்ட் ஒயர் எதையும் உரிக்கவே வேண்டாம், கிளிக் என்று பூட்டு விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் காருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் ஸ்ட்ரிப்பர், 60 வாட் அயர்ன், ராட்செட் கிரிம்பர், துணி டேப், இந்த நான்குக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். திருகு கனெக்டருக்கு மூன்றரை, ஈய வளைய ஸ்லீவுக்கு இரண்டு, கிட்டோடு வந்த கிளிப் பாக்கெட்டுக்கு ஒன்றும் இல்லை. கிட் செய்கிறவர்கள் அந்தப் பாக்கெட்டுக்குப் பதிலாக ஒரு சுருள் துணி டேப்பை வைத்தாலே எத்தனையோ கார்களுக்கு நல்லது.

எல்லாவற்றையும் மாற்றி இப்போது ஒன்றரை வருடம். மாதம் ஒரு முறை சாவி இல்லாமல் ரிமோட்டில் எடுத்து, கியர் பார்க்கிங்கில் இருக்க, பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், தொட்டதும் அணைகிறது. போன வாரம் கீழ்ப் பேனலைத் திறந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் விரலால் இழுத்தும் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. கடைசியாக பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று ரிமோட்டை அழுத்தினேன். பார்க்கிங் லைட் சில தடவை மின்னியது, எஞ்சின் எடுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். எடுக்கவில்லை.